புளிமூட்டுவிளைக்கு வந்த வாட்டி மலை

தங்கையை அடக்கம் செய்த மூன்றாம் நாள் காலையில் விஜயதாஸ் லுக்பரா மொழி பேசத் தொடங்கினார். கொல்லயில் ஊராட்சியில் அதுவரை அந்த மொழியை யாரும் பேசியதில்லை. அவருக்கு வயது நாற்பத்தொன்று, பாறசாலைச் சந்தியில் பிக்கப் வண்டி ஓட்டுகிறவர், வீட்டில் தமிழும் ஆபீசுகளில் மலையாளமுமாகக் காலம் தள்ளியவர், பாஸ்போர்ட் கூட எடுக்காதவர். அன்று பல் விளக்கிவிட்டு மனைவியிடம் சாயா கேட்டார். கேட்டது லுக்பராவில். துக்கத்தில் நாக்கு குழறுகிறது என்று மனைவி நினைத்தாள். மத்தியானம் டாக்டர் வந்து பக்கவாதம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் நான்காவது வீட்டு சுகிர்தபாய் வந்தார். அவர் உகாண்டாவின் வடமேற்கு மூலையில், ஆருவா என்ற ஊரில், ஒன்பது வருடம் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பியவர். செருப்பைக் கழற்றவும் மறந்து வாசலிலேயே நின்று கேட்டார். "இது லுக்பராவாக்கும். நான் ஒம்பது வருசம் அங்க கெடந்தும் எனக்கு இவ்வளவு சுத்தமா வராது. ஏத்த வேண்டிய எடத்துல ஏத்துதாரு, தாத்த வேண்டிய எடத்துல தாத்துதாரு" என்றார். அந்த மொழியில் குரல் ஏறும் இடமும் இறங்கும் இடமும் மாறினால் சொல்லே வேறாகிவிடுமாம். விஜயதாஸ் ஓர் இடத்தில்கூடத் தவறவில்லை.

அவர் தங்கை ஜோஸ்னாவுக்கு இருபத்தேழு வயது. பாலராமபுரத்தில் ஒரு கைத்தறிக் கடையில் சேலை எடுத்துக் காட்டும் வேலை. ஒரு சேலையை விரித்துப் போட்டுவிட்டு வாங்க வந்தவர்களின் முகத்தைப் பார்த்தே அடுத்து எதை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடுவாள். நெய்யாற்றின்கரைக்கு அப்பால் புளிமூட்டுவிளையில் நிஜின் என்ற லாரி டிரைவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல குடும்பம், சபைக்குப் போகிற குடும்பம், வீட்டில் மாமியார் செல்லபாய் மட்டும்தான் என்றார்கள். கல்யாணம் ஆன நாலாம் மாதம் வேலையை விடச் சொன்னான். அவள் விடவில்லை. ஆகவே அடித்தான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. அவள் மூன்று தடவை பஸ் ஏறிப் பிறந்த வீட்டுக்கு வந்தாள். மூன்று தடவையும் விஜயதாஸ் அவளைத் தன் பைக்கின் பின்னால் ஏற்றி, விளக்கு வைப்பதற்குள் புளிமூட்டுவிளையில் கொண்டுவிட்டார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. கட்டிக்கொடுத்த பெண் புருசன் இல்லாமல் தனியாக வந்தால் ராத்திரி தங்கக் கூடாது. தங்கினால் மறுநாள் நாலு பேர் கேட்பார்கள். கொண்டுவிடப் போகும்போது வெறுங்கையோடு போகாமல் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அடிபட்ட பெண்ணை அடித்தவன் வீட்டில் திருப்பிக் கொடுக்கும்போது கூடப் பழமும் கொடுக்கிற ஊர் இது. இந்த வழக்கத்தை யார் தொடங்கி வைத்தாரோ, அவர் வாயில் மண் விழட்டும்.

மூன்றாவது தடவை, ஒரு வியாழக்கிழமை, கேட்டருகே இறங்கியதும் ஜோஸ்னா, "அண்ணே, பின்ன எப்பம் வருவா?" என்று கேட்டாள். "ஞாயிறாச்ச ஆராதனை முடிஞ்சு வாறேன் மக்கா, நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு" என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரை மணிக்குப் பழச்சீப்போடு போனபோது வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. படியில் வழுக்கி விழுந்தாள் என்றார்கள். எந்தப் படி என்று கேட்டதற்கு செல்லபாய் ஒரு படியையும் நிஜின் வேறொரு படியையும் காட்டினார்கள். ஸ்டேஷனில் விஜயதாஸ் தமிழில் சொன்னதை எழுத்தர் மலையாளத்தில் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்ட பிறகுதான், அதில் தங்கைக்கு அடிக்கடி தலைசுற்றல் உண்டு என்று தான் சொன்னதாக எழுதியிருக்கிறது என்று தெரிந்தது. பிரேதப் பரிசோதனையில் தலையில் அடி என்று வந்தது. விழுந்ததாலும் ஏற்படலாம் என்று கூடவே ஒரு வரி. சபையின் மூப்பர் வேதமணி இரண்டு வீட்டாரையும் உட்கார வைத்து, போனவள் போய்விட்டாள், கேஸ் கூட்டம் என்று போனால் இரண்டு குடும்பத்துக்கும் மானக்கேடு, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று ஒத்துதீர்ப்பாகப் பேசி ஜெபம் செய்து முடித்தார். ஆமென் சொன்னவர்களில் விஜயதாஸும் ஒருவர். கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டால் மனிதர்கள் பார்க்காமல் இருந்துவிடலாம் அல்லவா. அந்த ஆமெனுக்கு மறுநாள்தான் அவருடைய தமிழும் மலையாளமும் நின்றுபோயின.

விஜயதாஸ் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்வி என்று சுகிர்தபாய் மொழிபெயர்த்துச் சொன்னார். என் தங்கை எப்படிச் செத்தாள்? அவ்வளவுதான். லுக்பரா ஆட்களுக்கு அது வெறும் கேள்வி அல்ல என்றும் சொன்னார். அங்கே கட்டிக்கொடுத்த இடத்தில் ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டார் கூட்டமாகக் கிளம்பிப் போவார்கள். முரசு அடித்து, முற்றத்தில் வட்டமாக ஆடுவார்கள். அந்த ஆட்டத்தில் பாடுகிற பாட்டில் உயிரோடு இருப்பவர்கள் செய்ததையெல்லாம் பெயர் சொல்லிக் கேட்பார்கள். பதில் வரும்வரை அந்தச் சாவு அவர்களுக்கு முடிந்ததாகாது. "அவங்க பிள்ளைக்குப் பேரு வைக்கியதும் அப்பிடித்தான். வீட்டுல என்ன கஷ்டமோ அதையே பேரா வச்சிருவாங்க. எனக்க கூட வேல பாத்த ஒருத்திக்கப் பேரு சந்திரு. பாடு, துயரம் எண்ணு அர்த்தம். பெத்தவளுக்க மாமியாரு தெனமும் அந்தப் பேரச் சொல்லியில்லா கூப்பிடணும்? ஒளிச்சு வைக்க ஒக்காது" என்றார் சுகிர்தபாய். நாங்கள் பிள்ளைகளுக்கு ஜோஸ்னா என்று பெயர் வைக்கிறோம். நிலாவெளிச்சமாம்.

இன்னொன்றும் அவர் சொன்னார். அந்த ஜனங்களின் நடுவிலும் ஒரு காலத்தில் யாரோ கோடு கிழித்து, பாதிப்பேரை உகாண்டாவிலும் பாதிப்பேரைக் காங்கோவிலும் விட்டுவிட்டார்கள். மாமன் ஒரு நாட்டில், மருமகன் ஒரு நாட்டில். எங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் சித்தப்பா ஒரு மாநிலம், இந்தப் பக்கம் நாங்கள் ஒரு மாநிலம். மரச்சீனிக் கிழங்கும் அவர்களுக்கு உண்டு. அதை உலர்த்திப் பொடித்து, தானிய மாவு சேர்த்துக் கிளறி, எஞாசா என்று உருட்டி உண்பார்கள். மழைக்கு முன் பறக்கிற ஈசலைப் பிடித்து வறுப்பார்கள். இதையெல்லாம் கேட்டு, அப்படியானால் நம்மைப் போலத்தான் என்று பலர் தலையாட்டினார்கள். கேள்வி கேட்கிற வழக்கம் ஒன்று மட்டும் நம்மிடம் இல்லை என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து விஜயதாஸ் காலை ஏழு மணிக்குப் புளிமூட்டுவிளைக்குப் போய் அந்த வீட்டுக் கேட்டின் முன் நின்று கேட்கத் தொடங்கினார். லுக்பராவில் வணக்கம் சொல்வது எப்படி என்றால், மி ங்கோனி, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பது. முதலில் அதைச் சொல்வார். அந்த ஆட்கள் எதிரி வீட்டிலும் நலம் விசாரிக்காமல் பேச்சைத் தொடங்கமாட்டார்களாம். பிறகு கேள்வி. எட்டு மணிக்கு வண்டி ஓட்டப் போய்விடுவார். சந்தியில் அவருக்கு வாடகை குறையவில்லை, சாமான் ஏற்ற மொழி தேவையில்லை. நிஜின் மலையாளத்தில் போலீஸைக் கூப்பிட்டான். போலீஸ் வந்தது. இவர் என்ன சொல்லி மிரட்டுகிறார் என்று கேட்டது. யாருக்கும் தெரியவில்லை. தெரியாத வார்த்தைக்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அவர் சொன்ன வார்த்தை தெரிந்திருந்த நாளில் அதை மாற்றி எழுதிக்கொண்டவர்கள்தான் இவர்கள்.

நாற்பதாம் நாள் காலை வாட்டி மலை வந்து நின்றது. செல்லபாயின் வீட்டுக்குக் கிழக்கே எட்டு சென்ட் மரச்சீனி விளை உண்டு. மலை முழுவதும் அதற்குள்ளேயே நின்றது. பாறை, புல், சரிவில் குத்துச்செடிகள், அடிவாரத்தில் செம்மண், எதுவும் வேலியைத் தாண்டவில்லை. மரச்சீனியில் ஒரு மூடுகூடச் சாயவில்லை. பார்த்தவுடன் சுகிர்தபாய் அடையாளம் சொல்லிவிட்டார். ஆருவாவிலிருந்து வடகிழக்கே பஸ்ஸில் போகும்போது ஒன்பது வருடம் அவர் பார்த்த மலை அது. லுக்பரா ஜனங்களின் ஆதி வீரன் ஒருவன் அதன் மேல்தான் இறந்தான் என்று சொல்வார்கள். வில்லேஜ் ஆபீசர் சங்கிலியோடு வந்து அளந்தார். கீழே எட்டு சென்ட், மேலே போகப் போகச் சங்கிலி போதவில்லை. பட்டா யார் பெயரில் என்ற இடத்தைக் காலியாக விட்டு, பாறை என்று மட்டும் எழுதிக்கொண்டார். அக்கம்பக்கத்து வீடுகளில் வெயில் எப்போதும் போல விழுந்தது. செல்லபாயின் வீட்டில் மட்டும் விழவில்லை. அந்த வீட்டிலிருந்து பார்த்தால் காலையில் மலை கிழக்கே நின்றது, மத்தியானம் தெற்கே நின்றது, சாயங்காலம் மேற்கே. நான்கு மணிக்கு உள்ளே எங்கோ முரசு கேட்கும். அதுவும் அந்த வீட்டு முற்றத்தில் நின்றால் மட்டும்.

ஒரு மலை ஒரு வீட்டின் மேல் வந்து நின்றால், ஏன் வந்தது என்று கேட்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எங்கள் ஆட்கள் கேட்டது, பார்க்கிங் எங்கே போடலாம் என்று. பத்து நாளில் மலை வளர்ச்சிச் சங்கம் உண்டாயிற்று. தலைவர், மூப்பர் வேதமணி. மூன்று மொழியில் பலகை வைத்தார்கள். தமிழில் மட்டும் பிழை. கோட்டுகாலிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் வேன் வேனாக வந்தார்கள். மலையைப் பின்னால் வைத்துப் படம் எடுத்தார்கள். நல்ல கோணம் கிடைப்பதற்காக, ஜோஸ்னா விழுந்ததாகச் சொன்ன படிகளில் ஏறி நின்றார்கள். இரண்டு படிகளிலும். மரச்சீனி மாவைக் கிண்டி, ஆப்பிரிக்கன் ஸ்பெஷல் என்று விற்றார்கள். பிள்ளைகள் மி ங்கோனி, மி ங்கோனி என்று ஒருவரையொருவர் துரத்தின. கேட்டருகே நின்று கேள்வி கேட்கிற விஜயதாஸையும் படம் பிடித்தார்கள். கேள்வியின் அர்த்தம் என்ன என்று ஒரு சேனல்காரன்கூட விசாரிக்கவில்லை, குரல் ஏறி இறங்குவது பாட்டு மாதிரி இருக்கிறது என்றான். கிறிஸ்துமஸ் விடுமுறையில் சங்கம் ஒரு கலைவிழா வைத்து, நாலு பையன்களுக்குக் கரி பூசி, வைக்கோல் கட்டிவிட்டு மேடையேற்றியது. சுகிர்தபாய் மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கினார். "எலே வேதமணி, வைக்கோலு கட்டுதது ஆருலே? எனக்க கூட வேல பாத்த டாக்டருமாரும் டீச்சருமாரும் இஸ்திரி போட்ட சட்டை இல்லாம வெளிய எறங்கமாட்டாங்க. அவங்ககிட்ட இருந்து படிக்கதுக்கு ஒண்ணு உண்டு, ஒரு பொண்ணு செத்தா கேக்கணும் எண்ணு. அத விட்டுப் போட்டு வைக்கோலையா படிச்சீங்க?" என்றார். கரண்டை நிறுத்தினார்கள். பிறகு ஜெனரேட்டரைப் போட்டு விழாவைத் தொடர்ந்தார்கள்.

வெயில் இல்லாத வீடு எப்படியாகும் என்று அதற்கடுத்த ஒன்றரை வருடத்தில் எல்லோரும் பார்த்தார்கள். துணி காயவில்லை. உலர்த்தப் போட்ட தேங்காய்ப் பருப்பு பூசணம் பூத்தது. சுவரில் பாசி ஏறி, மாட்டியிருந்த கல்யாண போட்டோவை மூடியது. முற்றத்துத் தென்னை ஓலை வெளுத்து, குலை தள்ளாமல் நின்றது. செல்லபாய் வெளியே இறங்கினால் மலையின் நிழல் அவளோடு கேட் வரைக்கும் வந்து நின்றுகொள்ளும். நிஜின் விழிஞ்ஞத்தில் ஒரு கூட்டாளியின் அறைக்குக் குடிபோனான். அம்மாவை அழைக்கவில்லை. மழைக்காலம் தொடங்கும் முன் மலைச்சரிவிலிருந்து ஈசல் கிளம்பி அந்த ஒரு வீட்டுக்குள் மட்டும் இறங்கியது. மூன்று நாள் அவள் சிறகுகளைக் கூட்டி அள்ளினாள். சபையில் அவளுக்காக உபவாச ஜெபம் நடந்தது. வெயில் திரும்ப வேண்டும் என்று ஜெபித்தார்களே தவிர, பதில் சொல் அம்மா என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லார் வீட்டிலும் ஒரு படி இருக்கிறது, அதுதான் காரணம்.

அடக்கம் நடந்து இரண்டு வருடமும் ஒரு மாதமும் ஆன அன்று, ஒரு செவ்வாய்க்கிழமை, விஜயதாஸ் வழக்கம்போலக் கேட்டருகே நின்று நலம் விசாரித்தார். உள்ளிருந்து செல்லபாய், முகே, நன்றாக இருக்கிறேன் என்று பதில் சொன்னாள். பிறகு வெளியே வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு, ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி, தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்தி, லுக்பராவில் பேசத் தொடங்கினாள். யாரோ போனில் சொல்ல, சுகிர்தபாய் ஆட்டோவில் வந்து இறங்கினார். அதற்குள் கூடிவிட்ட கூட்டத்துக்கு முன்னால் நின்று, செல்லபாய் முதலிலிருந்து மறுபடி சொன்னதை வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னார். நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூக்கைச் சிந்தினார். செல்லபாய் சொன்னது இது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகாலுக்கு நிஜின் அவளைச் சுவரில் தள்ளினான். தலை மோதி விழுந்தாள். உயிர் இருந்தது. அவன் பயந்து ஆட்டோ கூப்பிடப் போனான். நான்தான் தடுத்தேன். ரோட்டில் ஜனங்கள் ஆராதனைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், எல்லாரும் பார்ப்பார்கள், ஆராதனை தொடங்கி ரோடு காலியாகட்டும் என்றேன். பிந்திப் போகிறவர்கள் பத்தேகால் வரைக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு மணி நேரம், உயிர் போகும்வரை, அவள் என் கட்டிலில் கிடந்தாள். தண்ணீர் கொடுத்தேன். மூன்று தடவை, அண்ணன் வந்தாச்சா என்று கேட்டாள்.

கூட்டத்தில் நின்றவர்களில் பாதிப்பேர் அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த ரோட்டில் வேதப்புத்தகத்தோடு நடந்து போனவர்கள். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். செல்லபாய் முடிக்கவில்லை. விஜயதாஸின் முகத்தைப் பார்த்து இன்னும் ஒரு வாக்கியம் சொன்னாள். சுகிர்தபாய் அதை மொழிபெயர்க்கவில்லை. என்ன சொன்னாள் என்று ஆட்கள் கேட்டார்கள். "அது அவருக்குள்ளதாக்கும், அவருக்கு வெளங்கியாச்சு" என்றார் சுகிர்தபாய். விஜயதாஸ் அன்று வண்டி ஓட்டப் போகவில்லை. வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், சுவரைப் பார்த்துப் படுத்தார்.

மறுநாள் விடிந்தபோது கொல்லயிலில் அவர் வீட்டின் பின்பக்கம் இன்னொரு மலை நின்றது. கிணற்றுக்கும் மாட்டுத்தொழுவத்துக்கும் இடையில், ஒரு சாண்கூட மிச்சமில்லாமல் கச்சிதமாக நின்றது. சுகிர்தபாய் வந்து பார்த்து, இது லிரு மலை, லுக்பராக்காரர்களின் இன்னொரு பெரிய மலை, வடக்கே கொபோகோ பக்கம் நிற்கிறது என்றார். மற்ற வீடுகளில் வெயில் விழுந்தது. விஜயதாஸின் முற்றத்தில் விழவில்லை. அவர் வெளியே வந்து மேலே பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. அடுப்படியில் நின்ற மனைவியிடம், இரண்டு வருடம் ஒரு மாதம் கழித்து, தமிழில் பேசினார். "நானாக்கும் கொண்டு விட்டேன். மூணு மட்டமும் நானாக்கும்" என்றார். மனைவி சாயா போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவருக்கு லுக்பரா வரவில்லை. செல்லபாய்க்கு லுக்பராவைத் தவிர வேறெதுவும் வரவில்லை. வாக்குமூலத்தை மொழிபெயர்க்கச் சான்றிதழ் பெற்ற ஆள் வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுகிர்தபாயிடம் நர்சிங் சான்றிதழ்தான் இருக்கிறது. வழக்கு நடக்கிறது. நிஜின் ஜாமீனில் லாரி ஓட்டுகிறான். இதை எழுதும்போது கையெல்லாம் எரிகிறது.

மலைகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. பாறசாலையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் இப்போது அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை; கூட்டம் குறைந்து ஆப்பிரிக்கன் ஸ்பெஷல் கடை மூடியாயிற்று. வளர்ச்சிச் சங்கத்தார் லிருவுக்கும் ஒரு பலகையோடு வந்தபோது விஜயதாஸ் அதை வாங்கி இரண்டாக ஒடித்துத் திருப்பிக் கொடுத்தார். அவர் வீட்டுத் துணிகள் சுகிர்தபாய் வீட்டுக் கொடியில் காய்கின்றன. போன மாதம், கிழக்கே மூன்றாவது வளைவில் இருக்கிற செல்லசாமியின் மகள் அமிர்தா, கல்யாணமாகி ஏழு மாதத்தில், உதட்டில் தையலோடும் கையில் ஒரு பையோடும் தனியாக வந்து இறங்கினாள். செல்லசாமி மகளை வா என்று சொல்லவில்லை. முதலில் வீட்டின் பின்பக்கம் போய், வாழைகளுக்கு மேலே வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முன்வாசலுக்கு வந்து அவள் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே வைத்தார். பிரியத்தால் அல்ல, முற்றத்து வெயில் போய்விடுமே என்ற பயத்தால். இருக்கட்டும். விளக்கு வைத்த பிறகும் அமிர்தா அங்கேதான் இருந்தாள்.